முறுக்கு டப்பா காலியானதே தெரியவில்லை: பழையபடி நிதானமாகச் சாப்பிடத் திரும்பியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

சோழிங்கநல்லூர்வாசி

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 39. ஐடி வேலை, டீம் லீட், அமெரிக்க கிளையன்ட். மாலை 6:30-க்கு கான்ஃபரன்ஸ் கால் ஆரம்பித்தால் சில நாள் முடிய 11 ஆகிவிடும். வீட்டில் பத்தாம் வகுப்பு படிக்கும் மகன், முழங்கால் ஆபரேஷன் முடிந்து இப்போதுதான் வாக்கர் வைத்து நடக்கும் மாமியார், வாரத்தில் நான்கு நாள் வெளியூரில் இருக்கும் கணவர்.

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி கால் முடிந்து லேப்டாப்பை மூடிவிட்டு, அம்மா ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய முறுக்கில் ஒன்று எடுக்கலாம் என்று மேசையில் இருந்த டப்பாவில் கையை விட்டால் அடியில் தூள்தான் இருக்கிறது. முதலில் மகன்மேல்தான் கோபம் வந்தது. "டேய், எல்லாத்தையும் காலி பண்ணிட்டியா?" என்று கத்தவே கத்திவிட்டேன். அவன் ஹெட்ஃபோனைக் கழற்றி, "நீதாம்மா ஒரு மணி நேரமா நொறுக்கு நொறுக்குனு தின்னுட்டு இருந்தே, என் ரூம் வரைக்கும் கேட்டுச்சு" என்றான். எனக்கு ஒன்றுகூட ஞாபகம் இல்லை. அம்மா அதில் எள் போட்டிருந்தாரா ஓமம் போட்டிருந்தாரா என்றுகூடத் தெரியவில்லை.

இத்தனைக்கும் நான் இந்த விஷயத்தில் புதுசு இல்லை. 2021-ல் ஆன்லைனில் எட்டு வார வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். ஒரே ஒரு உலர்திராட்சையைக் கையில் வைத்துப் பார்த்து, முகர்ந்து, நாக்கில் வைத்து, அப்புறம் மெதுவாகக் கடிப்பதுதான் முதல் பயிற்சி. 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய மனக்கவனப் பயிற்சி வகுப்புகளிலிருந்து பரவிய பயிற்சி அது என்று சொன்னார்கள். அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது, ஆனால் வேலை செய்தது. பசித்தால் சாப்பிடுவது, போதும் என்று தோன்றினால் நிறுத்துவது, அவ்வளவுதான். ஒரு வருடத்தில் 6 கிலோ குறைந்தது, அதுவும் நான் குறைக்கவேண்டும் என்று எதுவும் செய்யாமலே.

அப்புறம் பிரமோஷன் வந்தது, மாமியார் கீழே விழுந்தார், எல்லாம் போயிற்று. இப்போது காலையில் அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டே மகன் வைத்துவிட்டுப் போன அரை தோசை, மத்தியானம் ஸ்க்ரீனைப் பார்த்தபடி எதையோ, ராத்திரி கையில் கிடைத்தது. போன மாதம் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.1 வந்தது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்று டாக்டர் விளக்கினார், "இந்தியாவில் 13 கோடிப் பேருக்கு மேல் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள், பயப்படவேண்டாம், ஆனால் சும்மாவும் இருக்கவேண்டாம்" என்றார்.

தயவுசெய்து டயட் சார்ட் தராதீர்கள். "உங்களுக்காக நேரம் ஒதுக்குங்கள்" என்றும் சொல்லாதீர்கள், ஒதுக்க நேரம் இருந்தால் நான் ஏன் இங்கே எழுதப்போகிறேன். என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் விட்டுப்போனதை மறுபடி பிடித்தவர்கள் எப்படிப் பிடித்தீர்கள் என்பதுதான் கேள்வி.

டம்பெல்_தம்பி

ரொம்ப சிம்பிள் மேடம். ஒவ்வொரு வாயையும் 32 தடவை மெல்லுங்கள். சின்னத் தட்டு வாங்குங்கள், தட்டு சின்னதானால் தானாகவே குறைவாகச் சாப்பிடுவோம் என்று ஆராய்ச்சியே இருக்கிறது. சாப்பாட்டுக்கு முன் இரண்டு டம்ளர் தண்ணீர். முடிந்தால் 16 மணி நேர விரதம். எல்லாம் மனக்கட்டுப்பாடுதான், மனசு வைத்தால் முடியாதது இல்லை.

ஆதாரம்_எங்கே

தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். சின்னத் தட்டு விஷயத்தை ஊர் முழுக்கப் பரப்பியது கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஒரு ஆய்வகம். 2018-ல் அங்கிருந்து வந்த கட்டுரைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பப் பெறப்பட்டன, அந்தப் பேராசிரியரும் வேலையை விட்டுப் போகவேண்டியதாயிற்று. அதற்காகச் சின்னத் தட்டு கெடுதல் என்று சொல்லவரவில்லை, "ஆராய்ச்சியே இருக்கிறது" என்று அடித்துச் சொல்லாதீர்கள் என்கிறேன். 32 தடவை எண்ணினால் எண்ணிக்கைதான் ஞாபகம் இருக்கும், சாம்பாரின் ருசி இருக்காது.

மனக்கட்டுப்பாடு பற்றியும் ஒன்று. 2019-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரை ஒரு மாதம் உள்ளேயே தங்கவைத்துப் பார்த்தார்கள். இரண்டு வாரம் ஆலையில் தயாரான, மிக அதிகமாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சாதாரணச் சமையல். தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்றும் விட்டுவிட்டார்கள். பதப்படுத்திய உணவு கொடுத்த நாட்களில் அதே ஆட்கள் தினம் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள். இரண்டு வாரத்தில் அவர்களுடைய மனக்கட்டுப்பாடு மாறிவிட்டதா என்ன? எதிரில் இருந்த சாப்பாடு மாறியது. வயிறு நிறைந்தது என்ற செய்தி மூளைக்குப் போய்ச்சேர 20 நிமிடம் போல ஆகும், அதற்குள் மென்மையான, கடிக்கவே தேவையில்லாத பண்டம் எவ்வளவு உள்ளே போய்விடும் என்று நீங்களே பாருங்கள்.

மேடம் கேட்டது எப்படித் திரும்புவது என்று. அதற்கு என்னிடம் பதில் இல்லை, நானே இப்போது ஒரு கையில் போன், ஒரு கையில் பன் வைத்துக்கொண்டுதான் இதை டைப் செய்கிறேன்.

நைட்ட்யூட்டி_மதுரை

அக்கா, நான் ஸ்டாஃப் நர்ஸ். வார்டில் எங்களுக்குச் சாப்பிடக் கிடைப்பது ஏழெட்டு நிமிடம், அதிலும் பாதியில் யாராவது கூப்பிடுவார்கள். எனக்கு உறைத்தது ட்யூட்டியில் இல்லை, ஒரு ஆஃப் நாளில். வீட்டில் யாரும் இல்லை, அவசரமும் இல்லை, ஆனாலும் யாரோ பெல் அடிக்கப்போகிறார்கள் என்பதுபோலவே அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். விக்கல் எடுத்து நிமிர்ந்தபோதுதான் நான் என்ன செய்கிறேன் என்றே பார்த்தேன்.

திராட்சைப் பயிற்சியெல்லாம் எனக்குத் தெரியாது. நான் செய்தது மூன்று வாய்தான். சாப்பாடு முழுவதையும் நிதானமாகச் சாப்பிடவேண்டும் என்று நினைத்தால் நம் வாழ்க்கையில் அது நடக்காது, நடக்காதபோது "சரி, இன்றைக்குப் போயிற்று" என்று விட்டுவிடுவோம். அதனால் முதல் மூன்று வாய் மட்டும். போனைக் கவிழ்த்து வை, உட்கார், டிபன் பாக்ஸைத் திற, வாசனை வருகிறதா பார், மூன்று வாய். நாலாவது வாயிலிருந்து என்ன வேண்டுமானாலும் செய்துகொள், போன் பார், கேஸ் ஷீட் பார். பாதி நாள் நாலாவது வாயிலும் அதே நிதானம் தொடர்ந்துவிடும். தொடராத நாளும் உண்டு, பரவாயில்லை, மூன்று வாய் கணக்கில் வந்துவிட்டது.

உங்கள் விஷயத்தில் எனக்கு வேறொரு சந்தேகம். மத்தியானம் ஒன்றரைக்குச் சாப்பிட்டுவிட்டு 11 வரை ஒழுங்காக ஒன்றும் இல்லை என்றால் நீங்கள் பசியோடுதான் மீட்டிங்கில் உட்காருகிறீர்கள். பசியோடு ஐந்து மணி நேரம் மீட்டிங்கில் இருப்பவர் பக்கத்தில் முறுக்கு டப்பாவை வைத்தால் அது காலியாகத்தான் செய்யும். இதில் கவனம், கவனக்குறைவு என்று பேச ஒன்றும் இல்லை, பசி. 6 மணிக்கே ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட முடியுமா பாருங்கள். இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் சுண்டல், எதுவோ ஒன்று, உட்கார்ந்து. 11-க்கு மோர் போதும். எங்கள் நைட் ஷிஃப்ட்காரர்களில் உடம்பு கெடாமல் இருப்பவர்கள் எல்லாம் இப்படித்தான் செய்கிறார்கள், ட்யூட்டிக்கு வருமுன் சாப்பிட்டுவிட்டு வருவார்கள்.

தூக்கத்தையும் பாருங்கள். 2004-ல் சிகாகோவில் இளைஞர்கள் 12 பேரை இரண்டு ராத்திரி நாலு மணி நேரம்தான் தூங்கவிட்டார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் 28 சதவீதம் ஏறியது, போதும் என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் இறங்கியது. சின்ன ஆய்வுதான். ஆனால் நைட் முடித்து வந்த காலையில் எனக்கு எதைப் பார்த்தாலும் தின்னத் தோன்றுவது ஏன் என்று படித்த பிறகுதான் புரிந்தது, அதுவரை என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆங், டப்பாவிலிருந்து நேராக எடுக்காதீர்கள். தட்டில் இரண்டு முறுக்கு எடுத்து வைத்துவிட்டு டப்பா சமையலறைக்குப் போகட்டும்.

காவிரிக்கரை

கும்பகோணம் பக்கத்து ஆள், வயது 71. மகள்தான் இந்தத் திரியைக் காட்டினாள்.

எங்கள் வீட்டில் காகத்துக்கு வைக்காமல் யாரும் சாப்பிட உட்காரமாட்டோம். பாட்டி ஒரு பிடி சோற்றில் ஒரு சொட்டு நெய் விட்டு, பருப்பு கலந்து, கொல்லைச் சுவரில் வைத்துக் "கா, கா" என்று கூப்பிடுவார். காகம் வந்து ஒரு வாயாவது எடுக்கவேண்டும். சில நாள் உடனே வரும், சில நாள் பத்து நிமிடம் ஆகும். அதுவரை பசியோடு திண்ணையில் காத்திருப்போம். முன்னோர்களுக்குப் போகிறது என்பது நம்பிக்கை, அதை விடுங்கள். பசி நன்றாகத் தெரியும், சோற்று வாசனை மூக்கில் ஏறும், வேறு வேலை ஒன்றும் ஓடாது. இப்போது நீங்கள் எட்டு வாரம் பணம் கட்டிப் படிக்கிற பாடத்தை அந்தக் காகம் சும்மா நடத்தியது.

இன்னொன்று. குழம்பு, ரசம், மோர் என்று சாப்பாட்டுக்கு ஒரு வரிசை இருந்தது. மோர் சாதம் இலையில் விழுந்தால் முடிந்தது, மறுபடி யாரும் குழம்புக்குத் திரும்பமாட்டார்கள். சாப்பாடு முடிந்தது என்று வயிறு சொல்லுமுன் மோர் சொல்லிவிடும். முறுக்கு டப்பாவில் மோர் எங்கே இருக்கிறது? அதில் முதல் முறுக்கும் ஒன்றுதான், இருபதாவதும் ஒன்றுதான். நர்ஸ் பெண் 11 மணிக்கு மோர் என்று சொன்னது ரொம்பச் சரி.

சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிடுங்கள் அம்மா. ஸ்பூனால் சாப்பிட்டால் சூடுகூடத் தெரியாது. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் எல்லாரும் நிதானமாக, சம்மணம் போட்டு உட்கார்ந்து, ரசித்துத்தான் சாப்பிட்டோம். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்பார்கள். இன்றைக்கு எல்லாம் ஓட்டம்.

கடைசிப்பந்தி

ஐயா, மரியாதையோடுதான் கேட்கிறேன். காகத்துக்குச் சோறு வைத்த அந்தப் பாட்டி எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்? எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்?

என் அம்மா மூன்று மணிக்குச் சாப்பிடுவார். தட்டுகூட வைத்துக்கொள்ளமாட்டார். குழம்பு வைத்த சட்டியிலேயே மிச்சச் சோற்றைப் போட்டு வழித்துத் துடைத்து, அடுப்படியில் குத்தவைத்தபடி, வாசலில் யாராவது கூப்பிடுகிறார்களா என்று காதை வெளியே வைத்துக்கொண்டு. தம்பி வைத்த மிச்சம், அப்பா வைத்த மிச்சம், வீணாகக் கூடாது என்று எல்லாம் அம்மா வயிற்றுக்குள்தான் போகும். "எல்லாரும் நிதானமாகச் சாப்பிட்டோம்" என்ற கணக்கில் இவர்கள் யாரும் வரமாட்டார்களா?

இதை ஐயாவிடம் சண்டை பிடிக்கச் சொல்லவில்லை, சோழிங்கநல்லூர் அக்காவுக்காகச் சொல்கிறேன். மகன் வைத்த அரை தோசையை நின்றபடி வாயில் போடுவது உங்கள் புராஜெக்டால் வந்த பழக்கம் இல்லை அக்கா. அம்மா வீட்டிலிருந்து சீதனமாக வந்தது. எனக்கும் வந்தது. காலை டிபனில் நான் என்ன சாப்பிட்டேன் என்று ஒரு வாரம் எழுதிப் பார்த்தேன், எனக்கென்று ஊற்றிய தோசை ஒன்றுகூட இல்லை, எல்லாம் அரைகுறை, ஓரம், கருகினது, ஆறினது. இந்த லட்சணத்தில் எதை ரசிப்பது?

நான் செய்தது இதுதான். எனக்கென்று சூடாக இரண்டு தோசை, முதலில். ஆமாம், முதலில். பிள்ளைகளுக்கு அப்புறம். முதல் வாரம் என்னவோ திருட்டுத்தனம் செய்வதுபோல இருந்தது, மாமியார் ஒரு மாதிரி பார்த்தார். மிச்சம் வைத்தால் அது தெருநாய்க்குப் போகும், என் வயிறு குப்பைக்கூடை இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். இப்போது அவர்கள் மிச்சம் வைப்பதும் குறைந்துவிட்டது, ஏனென்றால் கேட்டுத்தான் ஊற்றுகிறேன்.

பதினைந்து வயதுப் பையனுக்குத் தோசை ஊற்ற வரும் அக்கா. வராவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் கற்றுக்கொள்ள.

காவிரிக்கரை

மகள் படித்துக் காட்டினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

அப்பா சாப்பிட்டு எழுந்த இலையில்தான் அம்மா சாப்பிடுவார், அதையும் நாங்கள் எல்லாரும் எழுந்த பிறகு. தினம் பார்த்தது. நீங்கள் கேட்கும்வரை அது ஞாபகத்துக்கே வரவில்லை. பாட்டி எப்போது சாப்பிட்டார் என்று யோசித்துப் பார்க்கிறேன், அவர் சாப்பிட்டு நான் பார்த்த மாதிரியே நினைவில்லை.

ஓரமாய்_ஒருத்தி

ஒரு சின்ன எச்சரிக்கை மட்டும். கேட்டவர் சொல்வது கவனமில்லாமல் சாப்பிடுவது, அது ஒன்று. ஆனால் இதைப் படிக்கும் யாருக்காவது, நிறுத்த முடியாமல், வயிறு வலிக்கும்வரை, ஒளிந்து சாப்பிட்டு அப்புறம் வெட்கத்தில் அழுவது வாரம் ஒரு முறையாவது, மூன்று மாதமாக நடக்கிறது என்றால் அது பழக்கம் என்று தள்ளிவிடவேண்டிய விஷயம் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013-லேயே அதைத் தனி நோயாகத் தன் பட்டியலில் சேர்த்தது, சிகிச்சை இருக்கிறது. எனக்கு இருந்தது. திராட்சை, மூன்று வாய் எதுவும் எனக்கு உதவவில்லை, டாக்டர்தான் உதவினார். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416, மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம்.

சோழிங்கநல்லூர்வாசி

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லாருக்கும் நன்றி. 14416 எண்ணைப் போட்ட தோழிக்குத் தனியாக ஒரு நன்றி, என் டீமில் ஒரு பெண்ணுக்கு அனுப்பினேன்.

முதலில் நடக்காதவற்றைச் சொல்லிவிடுகிறேன். காகம். எங்கள் வீடு ஒன்பதாவது மாடி, பால்கனியில் புறாவலை, அதைத் தாண்டிக் காகம் வராது. இரண்டு நாள் மாமியாரும் நானும் வலைக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டுப் பார்த்தோம், கீழ் வீட்டு நாய்தான் குரைத்தது. ஆனால் மாமியார் இதில் ரொம்ப உற்சாகமாகி, இப்போது சாப்பாட்டு நேரத்துக்கு வாக்கரைத் தள்ளிக்கொண்டு தானே மேசைக்கு வந்துவிடுகிறார், அறைக்குத் தட்டை எடுத்துப் போகும் வேலை எனக்குக் குறைந்தது.

6 மணிச் சாப்பாடுதான் பெரிய மாற்றம். கேலண்டரில் 5:50 முதல் 6:20 வரை என்று அடைத்துவிட்டேன். முதலில் "பெர்சனல்" என்று போட்டேன், யாரும் மதிக்கவில்லை, அதன் மேலேயே மீட்டிங் போட்டார்கள். "கிளையன்ட் தயாரிப்பு" என்று மாற்றினேன், ஒருவரும் தொடவில்லை. இதைப் பற்றி எனக்கு நிறையக் கருத்து உண்டு, இன்னொரு திரியில் எழுதுகிறேன்.

மூன்று வாய் நடக்கிறது. தினம் இல்லை. போன வாரம் சாஃப்ட்வேர் ரிலீஸ், ஐந்து நாளில் இரண்டு நாள்தான். ஆனால் முன்பெல்லாம் ஒரு நாள் தவறினால் மாதமே போய்விடும், இப்போது அடுத்த வேளைக்கே திரும்பிவிடுகிறேன்.

தோசைதான் கஷ்டம். கடைசிப்பந்தி, நீங்கள் சொன்ன திருட்டுத்தனம் அப்படியே. முதல் நாள் எனக்கு ஊற்றிய தோசையை, மகன் குளித்துவிட்டு வந்ததும் கை தானாகவே அவன் தட்டில் போட்டுவிட்டது. மூன்றாவது நாள்தான் உட்கார்ந்து சாப்பிட்டேன். சட்னியில் உப்பு குறைவு என்று தெரிந்தது. பல மாதமாகவே குறைவாகத்தான் இருந்ததாம், யாரும் சொல்லவில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை பையன் தோசை ஊற்றினான். இலங்கை வரைபடம் மாதிரி ஒன்று, பெயர் வைக்க முடியாத மாதிரி இரண்டு.

அம்மாவுக்கு போன் போட்டு முறுக்கில் என்ன போட்டாய், எள்ளா ஓமமா என்று கேட்டேன். "ரெண்டும் இல்லடி, இந்தத் தடவை சீரகம். ஏன், நல்லா இல்லையா?" என்றார். என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நல்லா இருந்துச்சும்மா என்றேன். இன்னொரு டப்பா பஸ்ஸில் வருகிறது.

நர்ஸ் தங்கைக்கு ஒரு கேள்வி: 6 மணிக்குச் சாப்பிட்டாலும் 9:30 வாக்கில், குறிப்பாக அந்த ஒரு கிளையன்ட் குரலை உயர்த்தும்போது, வாய் எதையாவது தேடுகிறது. வயிறு காலியாக இல்லை, அது பசி இல்லை என்று எனக்கே தெரிகிறது. அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்?

நைட்ட்யூட்டி_மதுரை

வெந்நீர் அக்கா. ஃபிளாஸ்க்கில் சுக்கு தட்டிப் போட்டு எடுத்துப் போவேன், சுடச்சுட இருந்தால் வேகமாகக் குடிக்க முடியாது, ஊதி ஊதித்தான் குடிக்கவேண்டும், அதற்குள் கொஞ்சம் அடங்கிவிடும். அடங்காத ராத்திரி இரண்டு பிஸ்கட் தின்பேன், அதையும் ஸ்டூலில் உட்கார்ந்து தின்பேன். அந்தக் கிளையன்ட்டுக்கு என்னிடம் மருந்து இல்லை.